ஸ்டேட்டஸ் போட்டாலே நீங்க புரோக்கர்தான்

போன செமஸ்டர் லீவுல என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பச்சைப் புல், தார் ரோடு, "காரைக்குடிக்கு மிக அருகில்" வீட்டு மனைகள். (எத்தனை கிலோமீட்டர்னு கேட்காதீங்க.) ஒரு சீனியர் அனுப்பினார். மனை போனா கமிஷன் என்றார். போட்டேன். உங்கள்ல எத்தனை பேர் போடுறீங்கன்னும் தெரியும், நானும் உங்க ஸ்டேட்டஸ் பார்க்கிறவன்தானே.

மூணாவது நாள் ஸ்கூல் ஃப்ரெண்டோட அப்பா போன் பண்ணினார். சிங்கப்பூர்ல பல வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த காசு கையில் இருக்கு. "தம்பி, ரெரா நம்பர் இருக்கா?" என்றார். அவசரமா போஸ்டரைத் தேடினேன். "லேஅவுட் நம்பர் கீழே சின்னதா இருக்கு, பார்த்துட்டேன். உனக்கு இருக்காப்பா?"

எனக்கா?

அன்னைக்கு ராத்திரிதான் 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தைத் திறந்து பார்த்தேன். விற்கிறவரையும் வாங்குறவரையும் எந்த ஊடகம் வழியாக அறிமுகப்படுத்தினாலும் ஏஜென்ட்தான், பேர் என்னவா இருந்தாலும் சரி என்கிறது. பிரிவு 9-படி, பதிவு பண்ணாம ரெரா திட்டத்து மனையை விற்றுத்தரக் கூடாது. மீறினா பிரிவு 62: ஒரு நாளைக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 சதவீதம் வரை. 10 லட்ச ரூபாய் மனைன்னா அஞ்சே நாள்ல 50,000. எனக்குச் சொன்ன கமிஷன் அதுல பாதிகூட இல்ல.

சரி, பதிவு பண்ணிடலாமேன்னு பார்த்தா, 2017-இல் வந்த தமிழ்நாடு விதிகள் தனிநபருக்கு வைத்த கட்டணம் 25,000 ரூபாய். பான் கார்டு, முகவரி, போட்டோ எல்லாம் கேட்கிறாங்க. வில்லங்கச் சான்றிதழை எப்படிப் படிக்கணும், பட்டாவில் யார் பேர் இருக்கணும், டிடிசிபி அப்ரூவல்னா என்ன? இதையெல்லாம் அந்த விதிகள் கேட்கவே இல்ல. எனக்குக் கோபம் அங்கதான். பணம் இல்லாதவனை வெளியே நிறுத்துது, விஷயம் தெரியாதவனை உள்ளே விடுது.

மகாராஷ்டிராவில் 2023 முதல் ஏஜென்ட்டுகளுக்குப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. அங்கிள் இருந்த சிங்கப்பூர்ல 2010-லேயே இதுக்குன்னு தனி கவுன்சில் வந்துடுச்சு. பரீட்சை பாஸ் பண்ணணும், ஏஜென்ட்டோட பதிவு எண்ணை யார் வேணும்னாலும் தேடிப் பார்க்கலாம். அவர் என்கிட்ட கேட்டது அந்தப் பழக்கத்துல.

நம்ம ஊர்ல இன்னொரு வேடிக்கை. செட்டிநாட்டுப் பழைய வீட்டை விற்றுத்தர இந்தப் பதிவே வேண்டாம், சட்டம் புதுத் திட்டங்களுக்குத்தான். ஆனா கஷ்டமான வேலை அதுதானே? ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி இருப்பாங்க. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் மலேசியா, ஒருத்தர் பேச்சுவார்த்தையில் இல்ல. ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் வாங்கினவர் கோர்ட்டு படி ஏறணும். ஒத்துவரலைன்னா வீட்டைப் பிரிச்சு, தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெரு கடைகளுக்குப் போயிடும். வயசான புரோக்கர்கள் சிலர் மூணு தலைமுறை வம்சத்தையே மனப்பாடமா சொல்லுவாங்க. பரீட்சை வெச்சா வினாத்தாள் தயாரிக்க அவங்களைத்தான் கூப்பிடணும். அவங்க கட்டணம் மட்டும் குறையணும்.

அதுவரைக்கும் நீங்க ஸ்டேட்டஸ் போடாதீங்க. "சும்மா ஷேர்தானே மச்சி"ன்னு சொல்றவன்கிட்ட கமிஷன் உண்டான்னு கேளுங்க. வீட்ல யாராவது மனை வாங்குறாங்களா? தமிழ்நாடு ரெரா இணையதளத்துல திட்டத்தையும் ஏஜென்ட்டையும் தனித்தனியா தேடிப் பாருங்க.

அங்கிள்கிட்ட "எனக்கு நம்பர் இல்ல, அந்த மனையைப் பத்தி எதுவும் தெரியாது"ன்னு சொல்லிட்டேன். சிரிச்சார். சீனியருக்கு அந்தச் சட்டத்தோட பிடிஎஃப்-ஐ அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு. அடுத்த நாள் அவர் ஸ்டேட்டஸ்ல வேற லேஅவுட்.