டிகிரி வாங்கிட்டு ஏறுங்க பாஸ்!

ராசியான பேனா, எக்ஸாம் ஹால்ல வலது கால்... சென்டிமென்ட் எல்லாம் நம்ம ஊர் பசங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சா, ஸாரி பாஸ்! இத்தாலியில பொலோன்யா யுனிவர்சிட்டி மாணவர்கள் நம்மளையே மிஞ்சிட்டாங்க. 1088-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. ஆனா, ஊர் நடுவுல இருக்கிற அசினெல்லி கோபுரத்துல பட்டம் வாங்குறதுக்கு முன்னாடி ஏறினா, பட்டமே கிடைக்காதுன்னு அங்கே ஒரு நம்பிக்கை!

கோபுரம்னதும் நம்ம கோயில் கோபுரத்தை நினைச்சுக்காதீங்க. பணக்காரக் குடும்பங்கள் பாதுகாப்புக்காகவும், கொஞ்சம் கெத்துக்காகவும் கட்டிக்கிட்ட செங்கல் டவர். அப்போ ஊர் முழுக்க டஜன் கணக்குல இருந்துச்சாம். இப்போ மிச்சம் சுமார் இருபது. அதுல அசினெல்லிதான் உசரம். 12-ம் நூற்றாண்டு சரக்கு, 97 மீட்டர். லிஃப்ட் கிடையாது, 498 படி! 1640-கள்ல ரிச்சோலி என்ற பாதிரியார் இதன் மேலிருந்து குண்டுகளைப் போட்டு, பொருட்கள் விழும் வேகத்தை அளந்து பார்த்தார். அந்தக் கால ஃபிசிக்ஸ் லேப்!

பக்கத்துலயே தம்பி மாதிரி நிக்குது கரிசெண்டா. 48 மீட்டர்தான். ஆனா சாய்வு சுமார் 4 டிகிரி, கிட்டத்தட்ட பைசா கோபுரம் அளவுக்கு! அடியில மண் இறங்கினதுதான் காரணம். 14-ம் நூற்றாண்டுலயே மேல்பகுதியை இடிச்சு எடையைக் குறைச்சாங்க. அதனாலதான் இன்னிக்கும் நிக்குது.

ஆனா, அடிப்பகுதியில இருக்கிற செலெனைட் கல் ஜிப்சம் வகை. ஈரம் பட்டா பலம் போயிடும். 2023 அக்டோபர்ல சென்சார்கள் காட்டின அசைவைப் பார்த்து பயந்துபோய், கரிசெண்டாவைச் சுத்தி யாரும் போகாம அடைச்சாங்க. பக்கத்துல இருந்த பாவத்துக்கு அசினெல்லிக்கும் பூட்டு! பைசா கோபுரத்தைக் காப்பாத்தப் பயன்பட்ட கருவிகளையே இங்கேயும் கொண்டுவரப் போறதா 2024-ல் அறிவிச்சாங்க.

'பட்டம் வாங்கிட்டு ஏறிக்கலாம்'னு மூணு வருஷம் காத்திருந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கையில சர்ட்டிஃபிகேட், கதவுல பூட்டு!

அந்தப் பக்கம் போற வாய்ப்பு கிடைச்சா, திறந்திருக்கான்னு விசாரிச்சுட்டுப் போங்க. அப்புறம் சிவில் மக்களே... சாயில் மெக்கானிக்ஸ் க்ளாஸைக் கட் அடிக்காதீங்க. 900 வருஷம் கழிச்சும் அரியர் வைக்கிற சப்ஜெக்ட் அது!