பிறக்கும் பிள்ளையின் ஹக்



"அரசாங்கம் தாற காசுக்கு எங்கட புள்ள கியூவில நிக்கிறதா? ஊர் என்ன சொல்லும்?"

இந்தப் பேச்சு நம் ஊர்களில் புதிதல்ல. கர்ப்பிணித் தாய்மாருக்கு அரசாங்கம் கொடுக்கும் போசாக்குக் கொடுப்பனவைப் பற்றிச் சொன்னால் மாமியோ சாச்சியோ இப்படிச் சொல்லிவிடுவார். வாப்பா தலையைக் குனிந்துகொள்வார். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் அவர் போனிலேயே வேண்டாம் என்பார். அந்தப் பிள்ளை வாய் திறக்காது. பத்து மாதம் போய்விடும், காசும் போய்விடும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறோம். நீளமான பதிவுதான். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் வெட்கம் என்ற விஷயத்தைப் பார்ப்போம்.

அரச ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பிள்ளை கிடைத்தால் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் பிரசவ லீவு உண்டு. சனி, ஞாயிறு, போயா எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் அந்த 84 நாளை எண்ணுகிறோம். அதற்கு மேல் தேவையென்றால் 84 நாள் அரைச் சம்பளத்திலும், இன்னும் 84 நாள் சம்பளமில்லாமலும் எடுக்கலாம். தாபன விதிக்கோவையில் இருக்கிறது. அதிபரிடம் லீவுக் கடிதம் கொடுக்கும்போது எங்களில் யாருக்கும் கை கூசுவதில்லை. ஊரும் "டீச்சர் பிச்சை எடுக்கிறா" என்று சொல்வதில்லை. தனியார் கம்பனியில் வேலை செய்யும் சகோதரிகளுக்கும் 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு லீவு குறைவாக இருந்தது. 2018இல் திருத்தம் வந்து எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள் என்று ஆனது.

ஆனால் வீட்டில் இருந்து தைக்கிற ராத்தாவுக்கு என்ன இருக்கிறது? பாய் இழைக்கிறவர், பலகாரம் சுட்டுக் கடைக்குக் கொடுக்கிறவர், வயலுக்குக் கூலிக்குப் போகிறவரின் மனைவி, இவர்களுக்கு முதலாளியும் இல்லை, லீவும் இல்லை. தையல் மெஷினை மூடினால் அன்றைய வருமானம் நின்றது. அந்தப் பெண்ணுக்கு அரசாங்கத்திடமிருந்து வரக்கூடியது இந்தப் போசாக்குக் கொடுப்பனவும், கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷாவும், பெயர் இருந்தால் அஸ்வெசுமவும்தான். எங்களுக்கு லீவு உரிமை என்றால் அந்த ராத்தாவுக்கு இது உரிமை இல்லையா? மாதச் சம்பளம் எடுப்பவர் வாங்கினால் சலுகை, கூலிக்காரர் வாங்கினால் பிச்சை என்ற கணக்கை நாம் எங்கிருந்து எடுத்தோம்?

இன்னொன்றையும் யோசியுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். சவர்க்காரம் வாங்கினாலும், போனுக்கு ரீலோட் போட்டாலும் வரி கட்டுகிறோம். கூலிக்காரரும் கட்டுகிறார், ஹாஜியாரும் கட்டுகிறார். அதில் ஒரு பகுதி பிறக்கப்போகும் பிள்ளையின் உம்மாவுக்குத் திரும்பி வந்தால் அது யாருடைய தர்மமும் இல்லை. ஸகாத் வாங்குவதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஸகாத் வாங்குவதிலும் தகுதியானவருக்கு வெட்கம் இல்லை என்பது வேறு விஷயம்.

நம் மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லையா என்று கேட்பவர்களுக்கு உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் சம்பவம் ஒன்று போதும். பலரும் பயானில் கேட்டிருப்பீர்கள். மதீனாவின் ஓரத்தில் ஒரு வியாபாரக் கூட்டம் தங்கியிருந்தது. உமரும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபும் இரவில் காவலுக்குப் போனார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. உமர் தாயிடம் போய்ப் பிள்ளையைக் கவனிக்கச் சொன்னார். மீண்டும் அழுகை, மீண்டும் போனார். கடைசியில் அந்தத் தாய், தன்னிடம் பேசுவது கலீஃபா என்று தெரியாமலேயே, உண்மையைச் சொன்னார். பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் பைத்துல்மாலில் இருந்து பங்கு கொடுக்கிறார், அதனால் நேரத்தோடு பால் மறக்கடிக்கிறேன் என்றார்.

அன்று சுப்ஹுத் தொழுகையில் உமர் அழுத அழுகையில் அவர் ஓதியது ஜமாஅத்துக்கு விளங்கவில்லை என்று வரலாற்றில் வருகிறது. பிறகு அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்பிலிருந்தே பங்கு உண்டு என்று அறிவித்து எல்லாப் பிரதேசங்களுக்கும் எழுதி அனுப்பினார்.

இந்தச் சம்பவத்தில் நாங்கள் இரண்டு விஷயத்தைப் பார்க்கிறோம். பிறந்த பிள்ளைக்குப் பொது நிதியில் பங்கு கொடுப்பது நமக்கு அந்நியமான யோசனை அல்ல. 1,400 வருடத்துக்கு முன்பே நம்மிடம் இருந்தது. இரண்டாவது, உமர் அந்தத் தாயைப் பேராசைக்காரி என்று ஏசவில்லை. சட்டத்தில் இருந்த நிபந்தனை பிள்ளையின் பாலைப் பறிக்கிறது என்று கண்டார், நிபந்தனையை மாற்றினார். தகுதியுள்ள தாய்மார் கேட்கத் தவறக் கூடாது. பிள்ளைக்குப் போய்ச் சேராத விதியை அரசாங்கம் அப்படியே வைத்திருக்கவும் கூடாது. இதுதான் எங்கள் நிலைப்பாடு.

இப்போது நம் நாட்டு நிலைமைக்கு வருவோம்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லை. இது பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதே வருடம் சோளம் இல்லாமல் திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. அந்தக் காலத்தில் வயிற்றில் இருந்த பிள்ளைகள்தான் இனி எங்கள் வகுப்பறைகளுக்கு வரப்போகிறார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளை பத்து மணிக்கே மேசையில் தலை வைத்துப் படுத்தால், அந்தக் களைப்பு எங்கே தொடங்கியது என்று ஆசிரியர்களுக்கு ஓரளவு தெரியும். எழுத்துக் கற்பிப்பதற்கு முன்பே, உம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே, பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

போசாக்குக் கொடுப்பனவு தொடங்கியபோது மாதம் 2,000 ரூபா, பத்து மாதத்துக்கு 20,000 ரூபா. கையில் காசாக அல்ல, குறித்த கடைகளில் சாமான் எடுக்கும் வவுச்சராக. 2022 ஓகஸ்ட் இடைக்கால பட்ஜெட்டில் மாதம் 2,500 ரூபா மேலதிகமாகத் தருவதாக அறிவித்தார்கள். இந்தக் காசில் ஒரு குடும்பம் பணக்காரர் ஆகாது. ஆனால் முட்டை, நெத்தலி, பயறு, பருப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கர்ப்பிணி சோறும் சம்பலும் சாப்பிடும் வீட்டில் அது பெரிய வித்தியாசம்.

இந்த உதவிகளுக்கெல்லாம் வாசல் ஒன்றுதான், அது மிட்வைப். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று நாடு முழுக்க இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் உண்டு. அவருடைய கொப்பியில் பெயர் இல்லாவிட்டால் அடுத்த படி எதுவும் இல்லை. எட்டு வாரம் முடியமுன் பதிய வேண்டும் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. நம் வீடுகளில் கண்ணூறு பட்டுவிடும் என்று நாலாம், ஐந்தாம் மாதம் வரை மறைப்பார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், மிட்வைப்புக்குச் சொல்லுங்கள். பிந்தினால் கைக்கு வரும் மாதங்கள் குறையும். இரத்தச்சோகை, பிரஷர், சீனி எல்லாவற்றையும் கண்டுபிடிப்பதும் பிந்தும்.

எங்கள் அனுபவத்தில் காரியம் தடைப்படும் இடங்களை வரிசையாகச் சொல்கிறோம்.

1. விலாசம். கிழக்கில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதால் பெண்ணின் விலாசத்தில் பிரச்சினை குறைவு. வேறு மாவட்டங்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போகிறாள், அடையாள அட்டை மட்டும் பழைய விலாசத்தில் இருக்கும். ஜீ.எஸ். இருவருமே "என் பிரிவு இல்லை" என்பார்கள். கலியாணம் முடிந்த கையோடு பதிவை மாற்றுங்கள்.

2. தலைப்பிள்ளைக்கு உம்மா வீட்டுக்குப் போவது. ஏழாம் மாதம் போனால் மிட்வைப்பும் மாறுவார். இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். கர்ப்பகாலப் பதிவு அட்டையைக் கையிலேயே கொண்டுபோங்கள்.

3. வங்கிப் புத்தகம். பெண்ணின் பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும். மாமனாரின் கணக்கு, மச்சானின் கணக்கு வேண்டாம். கணக்கை வெளியில் இருந்தும் இயக்கலாம் என்று காட் கேட்கும் கணவர்மாருக்கு ஒரு வார்த்தை: பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது தந்தையின் கடமை என்று சூரா பகராவின் 233ஆம் வசனம் சொல்கிறது. இந்தக் கொடுப்பனவு அந்தக் கடமையைக் குறைக்காது. இது அவள் சாப்பிட வந்த காசு.

4. நிக்காஹ் பதிவு. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில், பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் நிக்காஹ் செல்லாமல் போகாது. அதை வைத்துக்கொண்டு பதிவைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அலுவலகத்தில் கேட்பது சேர்டிபிகேட். அது இல்லாத இடத்தில் அலைவது அந்தப் பெண்ணும் பிள்ளையும்தான். பள்ளிவாசல் நிர்வாகங்கள் பதிவு இல்லாத நிக்காஹுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

5. பிறப்புப் பதிவு. ஆஸ்பத்திரியில் தரும் பத்திரத்தோடு உடனே பதிவாளரிடம் போங்கள். மூன்று மாதம் தாண்டினால் காலம் கடந்த பதிவு. சத்தியக் கடிதம், சாட்சி என்று இழுபடும். பெயர் வைப்பதில் இரு வீட்டாருக்கும் சண்டை என்றால் அகீகாவுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். முதலாம் ஆண்டு அனுமதிக்கு விண்ணப்பம் நிரப்பும்போது பெயரில் ஓர் எழுத்துப் பிழையால் அலையும் பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறோம்.

6. அஸ்வெசும. 2023இல் தொடங்கியபோது நான்கு பிரிவாக மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று வைத்தார்கள். கணக்கெடுக்க வந்த அன்று பிறக்காத பிள்ளை அந்தப் படிவத்தில் இருக்காது. பிள்ளை பிறந்தால் பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

7. மறுத்தால். "உங்களுக்கு இல்லை" என்று வாயால் சொன்னதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலைக்கு வாருங்கள், ஆசிரியர்கள் எழுதித் தருவோம்.

விதிகளும் தொகையும் சுற்றுநிருபத்துக்குச் சுற்றுநிருபம் மாறும். அதனால் பேஸ்புக்கில் யாரோ போட்ட பழைய படிவத்தை நம்பாமல் உங்கள் மிட்வைப்பிடம் நேரில் கேளுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வசதியை மறைத்து, இல்லாததை எழுதி எடுப்பது ஹராம். அது இன்னொரு தாயின் பங்கு. உரிமை என்று பேசுகிற நாம்தான் அமானிதத்தையும் பேச வேண்டும்.

அரசாங்கத்திடமும் நமக்குக் கேட்க இருக்கிறது. தொகை சாமான் விலையோடு சேர்ந்து உயர வேண்டும். நெருக்கடி வந்தபின் அறிவிப்பது போதாது. வவுச்சர் கொடுத்தால் கடைக்காரர் விற்க நினைத்த சாமான்தான் தாயின் பையில் விழும், ஆகவே காசை அவளுடைய கணக்கில் போடுங்கள். கணவன் கைவிட்ட பெண், இத்தாவில் இருக்கும் பெண், கணவனின் கையெழுத்துக்கு வழியில்லாத பெண், இவர்கள் தாளுக்காக அலையாமல் தாயும் பிள்ளையும் இருப்பதையே தகுதியாக எடுங்கள். கிளினிக் அட்டையே அதற்குச் சாட்சி.

பள்ளிவாசல்களுக்கும் ஒரு கோரிக்கை. அகீகாவுக்கு எத்தனை ஆடு, நாற்பதுக்கு எத்தனை சஹன் என்று விசாரிக்கும் நாம், மஹல்லாவில் இந்த வருடம் எத்தனை கர்ப்பிணிகள் கிளினிக்கில் பதியாமல் இருக்கிறார்கள் என்று விசாரிப்பதில்லை. ஜும்ஆ முடிந்ததும் ஐந்து நிமிடம் போதும். மாதர் மத்ரஸாவில் மிட்வைப் மிஸ்ஸை ஒருநாள் அழைத்துப் பேச வையுங்கள். உமர் ரழியல்லாஹு அன்ஹுவின் கதையைச் சொல்லும் கத்தீப்மார், பயானின் கடைசியில் கிளினிக் நாளையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பதிவை உங்கள் குடும்பக் குழுமங்களில் பகிருங்கள். முக்கியமாக வெளிநாட்டில் இருக்கும் கணவர்மாருக்கும், வீட்டில் முடிவெடுக்கும் மாமிமாருக்கும் அனுப்புங்கள். தடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பிறக்கப்போகும் எல்லாப் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆரோக்கியமாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.