சிரிப்புக்கு விலை கொடுப்பவர் யார்?

நாட்குறிப்புத் திரைப்படம் என்றதும் முகஞ் சுளிப்போர் முற்போக்காளரிடையே இன்றும் உளர். ஒருவன் தன் வீட்டையும் தன் முகத்தையும் தானே படம்பிடித்து வேடிக்கையாகப் பேசுவதால் சமுதாயத்துக்கு விளையும் பயன் யாது என்பது அவர்தம் வினா. உண்மையோடு புனைவு கலந்தால் அது பொய்யே என்று தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். இவ்விரு கூற்றுக்களையும் நாம் மறுக்கின்றோம்.

யப்பானியக் கவிஞர் சுசுக்கி ஷிரோயசுவை எடுத்துக்கொள்வோம். என்.எச்.கே. ஒலி, ஒளிபரப்பு நிறுவனத்திலே கமெராவுடன் கூலிக்கு உழைத்தவர் அவர். பிறருக்காகப் படம்பிடித்த அக்கை, 1975இல் பழைய 16 மி.மீ. கமெரா ஒன்றினால் தன் இல்லத்தையே படம்பிடிக்கத் தொடங்கியது. 1980இல் வெளிவந்த ‘15 நாட்கள்’ என்னும் படத்திலோ, நாள்தோறும் கமெராவின் முன் அமர்ந்து பேசுவதென அவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்கிறார். இது ஆவணமா, நடிப்பா? கமெரா இல்லையேல் அப்பேச்சே நிகழ்ந்திராது. ஆயினும் பேசுபவர் மெய்யான மனிதரே. தன்னை உள்ளவாறே காட்ட முனைபவன் தன்னையறியாமலே நடிகனாகிவிடுகிறான். இவ்வுண்மையை அறிவுரையாற் கூறாது நகைப்பினால் உணர்த்துவதே இத்தகைய படத்தின் வலிமை.

இது வெறுந் தனிமனிதவாதம் என்பார்க்கு யப்பானின் வரலாறே விடை கூறும். 1927ஆம் ஆண்டு ரோக்கியோ மேதின ஊர்வலத்தைச் சசா கெஞ்சு படமாக்கியது, வசதிபடைத்தோர் வீட்டு விளையாட்டுப் பொருளாயிருந்த 9.5 மி.மீ. சிறு கமெராவினாலன்றோ? 1929இல் உருவான பாட்டாளிவர்க்கத் திரைப்படச் சங்கமும் சிறு கமெராவையே படைக்கலமாக ஏந்தியது. கருவி சிறிதென்பதாலோ, களம் வீடென்பதாலோ ஒரு கலை இழிந்ததாகிவிடாது.

அதற்காகக் கலப்பு அனைத்தையும் புதுமையென்று போற்றுவோரோடும் நாம் உடன்படோம். இமமுரா ஷோஹெய் 1967இல் ஆக்கிய ‘மனிதன் மறைந்தான்’ படத்தை அவர்கள் வானளாவப் புகழ்வர். காணாமற்போனவரை மணக்கவிருந்த பெண்ணின் தேடலுக்குத் துணையாக நடிகர் ஒருவர் அமர்த்தப்படுகிறார். அவள்மீது மறைகமெராக்கள் திரும்புகின்றன. அவள் மனம் அந்நடிகர்பாற் சாய்கிறது. அதுவும் படச்சுருளுக்கு இரையாகிறது. இறுதியில் இயக்குநரின் கட்டளைப்படி அறைச்சுவர்கள் அகற்றப்பட, அது ஸ்ரூடியோவில் அமைத்த அரங்கென்பது வெளிப்படுகிறது. எல்லாம் புனைவே என்று இயக்குநர் கூறிவிடலாம். அப்பெண்ணின் நெஞ்சமும் அட்டைச் சுவரா? இமமுராவின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. அவ்வாற்றலுக்கு விலை கொடுத்தவர் வேறொருவர் என்பதையே சுட்டுகின்றோம்.

சுசுக்கியின் படத்தில் நகைப்புக்கு ஆளாபவர் கமெராவுக்கு உரியவரே. இமமுராவின் படத்திலோ, கமெராவை ஆள்பவர் ஒருவர். அதன்முன் அம்பலமாகுபவர் மற்றொருவர். உண்மையா, புனைவா என்ற வினாவோடு விமரிசனம் நின்றுவிடலாகாது. எவருடைய வாழ்வைப் பணயம் வைத்து இக்கலை ஆக்கப்பட்டது என்றும் அது கேட்டாக வேண்டும். நாட்குறிப்புக் கலைஞனின் மனைவியும் குழந்தையும் திரையில் தோன்றும்போதும் இதே கோலால் அவனையும் அளப்போம். தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பவனின் சிரிப்பில் நேர்மையுண்டு. எளியோரை மேடையேற்றிவிட்டுத் தான் திரைமறைவில் நிற்பவனின் கலையில், அது எத்துணைப் புதுமையாயினும், சுரண்டலே உண்டு.