பழைய ஜெர்மன் காரும் சூட்டில் தெரியும் பழுதும்



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வாங்க யோசிக்கும் தம்பிமார் கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை மஃரிபுக்குப் பிறகு என்னிடம் படித்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தான். கட்டாரில் 5 வருஷம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறான். "சேர், ஒங்கட காரை விக்கப் போறீங்களாமே. வேற ஆருக்கும் பேசிராதீங்க, நான் எடுக்கிறேன்" என்றான். கையில் முற்பணமும் கொண்டு வந்திருந்தான்.

என் கார் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1990களில் வந்த ஜெர்மன் கார். கம்பனிப் பெயர் இங்கே தேவையில்லை. அதைப் பார்த்துவிட்டு "மாஸ்டருக்கு என்ன, ராஜா மாதிரி" என்று சொன்னவர்களும் உண்டு, "வாத்தியார் சம்பளத்தில இது எப்படி" என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் உள்கணக்கு தெரியாது. இன்றைக்கு அதைச் சொல்கிறேன்.

2018இல் 16 இலட்சத்துக்கு வாங்கினேன். சேமிப்பு கொஞ்சம், மனைவியின் நகை விற்றது கொஞ்சம். வட்டிக்கு எடுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். விற்றவர் கொழும்புப் பக்கம். காலை 7 மணிக்கே வரச் சொன்னார். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போனது. சல்லியைக் கொடுத்துவிட்டு மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளிக்கிட்டேன்.

பலாங்கொடையைத் தாண்டி ஏற்றத்தில் கியர் நழுவத் தொடங்கியது. என்ஜின் சத்தம் போடுகிறது, வண்டி நகரவில்லை. ஓரமாக நிறுத்தி ஒரு மணித்தியாலம் ஆறவிட்டோம். ஆறியதும் நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. சூடானதும் மறுபடி அதே கதை. அன்றிரவு ஊர் வந்து சேரும்போது சுபஹுக்கு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் காலை 7 மணிக்கு வரச் சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது. ஓட்டோ கியர் தேய்ந்திருந்தால் பல நேரம் குளிரில் தெரியாது. சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அவ்வளவுதான். பஞ்சிகாவத்தையில் பாவித்த கியர்பொக்ஸ் ஒன்று தேடி எடுத்து, பாஸுக்குக் கூலியும் கொடுத்து முடித்தபோது 2 இலட்சத்து 20 ஆயிரம் போனது. அன்றைய என் சம்பளத்தில் ஐந்து மாதக் காசு.

இந்தக் கார்கள் ஏன் மலிவாகத் தெரிகின்றன என்பதைத் தம்பிமார் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்தாலும் வரி தலைக்கு மேல். அதனால் சின்ன ஜப்பான் கார், இந்தியக் கார் எல்லாம் எட்டாத விலைக்குப் போய்விட்டன. அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 25, 30 வருஷப் பழைய ஜெர்மன் கார் ஒன்று "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. அது பணக்காரருக்காகச் செய்த கார். அதன் சாமானின் விலையும் அதைத் தெரிந்த பாஸின் கூலியும் இன்றும் பணக்காரர் கணக்கில்தான் இருக்கின்றன.

உலகம் அறிந்த இரண்டு உதாரணம் சொல்கிறேன். பென்ஸ் டபிள்யூ 211 ஈ-கிளாஸ், 2002இல் வந்தது. மின்னணு முறையில் இயங்கும் பிரேக் தொகுதி போட்டார்கள். 2004இலும் 2005இலும் கம்பனியே இலட்சக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்துப் பார்த்தது. 2006 மாடலோடு அந்தத் தொகுதியை ஈ-கிளாஸில் இருந்து எடுத்தேவிட்டார்கள். பிஎம்டபிள்யூ ஈ 46 ஓட்டுவதற்கு அருமையான கார். ஆனால் அதன் கூலிங் தொகுதியில் பல சாமான்கள் பிளாஸ்டிக். வயசு போனால் வெடிக்கும், வெடித்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் என்ஜினே போகும். இவை கெட்ட கார்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ், 1978இலேயே பென்ஸ் எஸ்-கிளாஸில் வந்துவிட்டது. நம் ரோட்டில் ஓடும் எத்தனையோ சின்னக் கார்களில் வெகு காலத்துக்குப் பிறகும் அது இருக்கவில்லை. என் வாப்பாவை ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குக் கொண்டுபோனது இந்தக் காரில்தான். எட்டு மணித்தியால ஓட்டத்தில் முதுகு நோகுதென்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு பயணத்துக்காகவே காருக்கு நான் நன்றி சொல்வேன்.

அதே கார் 2022இல் ஒரு பாடமும் படிப்பித்தது. கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். என் பாடசாலை 22 கிலோமீற்றர். போக வர 44, ஐந்து நாளைக்கு 220. லீற்றருக்கு 8 ஓடும் காருக்கு 27 லீற்றருக்கு மேல் வேண்டும். கார் முற்றத்தில் நின்றது. நான் மச்சானின் பைக்கில் போனேன்.

கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பெற்றோல், டயர், இன்சூரன்ஸ் சேர்க்காமல் ஏழு வருஷத்தில் திருத்தத்துக்கு மட்டும் 11 இலட்சம். 16 இலட்சத்துக்கு வாங்கிய கார் எனக்கு 27 இலட்சம்.

இனி அந்தப் பிள்ளையின் விஷயம். அந்தப் பாவித்த கியர்பொக்ஸும் இப்போது சூட்டில் இலேசாக நழுவத் தொடங்கியிருக்கிறது. ஊருக்குள் ஓடினால் தெரியாது. அவன் வந்த நேரம் மஃரிபுக்குப் பிறகு, கார் ஆறிப்போய் நிற்கிறது, கடற்கரை வரை ஒரு சுற்றுக் காட்டியிருந்தால் வேலை முடிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அந்த எண்ணம் வந்தது. எனக்கும் செலவு இருக்கிறது, மகளுக்கும் வயசு ஏறுகிறது.

ஆனால் ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியின் சம்பவத்தை இவனுடைய வகுப்புக்குப் படிப்பித்தவனே நான்தான்.

"மகன், முற்பணத்தைப் பொக்கற்றில வை. நாளைக்குப் பகல் வா" என்றேன். அடுத்த நாள் அவனையே ஓட்டச் சொல்லி நிந்தவூரில் இருந்து திருக்கோவில் வரை போனோம். திரும்பி வரும்போது அக்கரைப்பற்றுக்கு இப்பால் கியர் நழுவியது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இதுதான் காட்ட வேணும் எண்டு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கொப்பியையும் கையில் கொடுத்தேன்.

கூட்டாளிமார் ஏசினார்கள். "வாயைப் பொத்திட்டு இருந்திருந்தா மூணு இலட்சம் கூட வந்திருக்கும்" என்றார்கள். வந்திருக்கும்தான். அந்த மூன்று இலட்சம் ஒரு பிள்ளை பாலைவன வெயிலில் உழைத்த காசாக இருந்திருக்கும்.

என் கருத்து இதுதான். பழைய ஜெர்மன் கார் வாங்குவது குற்றமில்லை. வாங்குபவர் அரை மணித்தியாலமாவது சூடாக்கி, ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். விற்பவருக்குத் தெரியாத பாஸிடம் காட்டி ஸ்கேன் போடுங்கள். ஓபன் பேப்பரில் வாங்காதீர்கள். கார் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லையென்றால் அந்தக் கார் உங்களுக்கு இல்லை. கலியாண வீட்டு வாசலில் நிறுத்துவதற்காக வாங்குகிறீர்கள் என்றால், பார்ப்பவர் இரண்டு நாளில் மறந்துவிடுவார், கராஜ் பில் உங்களுக்குத்தான் வரும்.

விற்பவரே, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நம் ஊரில் "அவர் கேட்கல்ல, நான் சொல்லல்ல" என்பதை வியாபாரத் திறமை என்று நினைக்கிறோம். பலாங்கொடை ஏற்றத்தில் கைக்குழந்தையோடு ரோட்டோரம் நின்றவனிடம் கேளுங்கள், அது திறமையா என்று.

அந்தப் பிள்ளை இன்னும் முடிவு சொல்லவில்லை. வாப்பாவோடு பேசிவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறான். வந்தாலும் நல்லது, வராவிட்டாலும் நல்லது. கார் முற்றத்தில் நிற்கிறது. வேறு யாருக்கும் வேண்டுமென்றால் வாருங்கள், மத்தியானம் வெயிலில் வாருங்கள்.