தடித்த எலும்பு தந்த மருந்து

எலும்பு மெலியும் நோய்க்கு மருந்து காட்டியவர்கள் யார் தெரியுமா? எலும்பு மிதமிஞ்சித் தடித்தவர்கள்!

தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினரான ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பரம்பரை வியாதி உண்டு. எலும்பு ஓயாது வளரும், காது செவிடாகும், மண்டையோடு தடித்து மூளையை நெருக்கும். ஒரு ஜீனின் பழுதே காரணம் என்று 2001-இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். எலும்பு வளர்ச்சிக்குக் கடிவாளமான ஸ்கிளிரோஸ்டின் புரதத்தை உண்டாக்குவது அந்த ஜீன்.

கடிவாளத்தைத் தளர்த்தினால் மெலிந்த எலும்பும் வளருமல்லவா? அப்படிப் பிறந்ததே ரோமோசோசுமாப் ஊசி. 2019-இல் அமெரிக்கா அனுமதித்தது. மாதந்தோறும், ஓராண்டு மட்டும். மாரடைப்போ பக்கவாதமோ வந்து ஓராண்டு ஆகாதவர்களுக்குக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு.

அந்தக் குடும்பங்களுக்கோ இன்றும் மண்டையோட்டு அறுவைச் சிகிச்சையே கதி. அவர்களுக்குப் பட்ட கடனை விஞ்ஞானம் என்று தீர்க்கும்?