செத்தவன் பேர் என்ன?

போன லீவில் கிளாஸ் பசங்களோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். 1799 மே 4-ல் திப்பு சுல்தான் விழுந்து கிடந்த இடம். ஐந்து நிமிஷம், பதினைந்து செல்ஃபி. "அன்னைக்குச் செத்த சிப்பாய்ங்க பேரெல்லாம் என்னடா?" என்று கேட்டேன். "மூட் அவுட் பண்ணாத மச்சி" என்றான் ஒருத்தன்.

மக்களே, போர்க்களம் பார்க்க அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கம்பைநல்லூரில் பஸ் ஏறினால் தருமபுரி. அதுதான் பழைய தகடூர், அதியமான் ஊர். அதை ஜெயித்த சேரனுக்குத் 'தகடூர் எறிந்த' பெருஞ்சேரல் இரும்பொறை என்றே பேர் நிலைச்சிடுச்சு. அங்கே மியூசியத்தில் நடுகற்கள் இருக்கு. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கோம்?

நடுகல் பெரும்பாலும் ராஜாவுக்கு இல்லை. மாடு கவர வந்தவர்களோடு மோதிச் செத்த ஊர்க்காரனுக்கு. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் வீரன் கருந்தேவகத்தியோடு அவன் நாய்க்கும் பேர் இருக்கு: கோவிவன்! 1400 வருஷத்துக்கு முன்னால் நாய் பேரைக்கூட எழுதி வைத்தவர்கள் எங்கே, சிப்பாய் பேரைக் கேட்டால் மூட் அவுட் ஆகிற நாம் எங்கே?

"பழைய கல்லில் என்னப்பா இருக்கு" என்பவர்களுக்கு ஒன்று. வேடியப்பன் என்று ஊர்க்காரர்கள் கும்பிடுவதால்தான் இந்தப் பக்கம் பல கற்கள் பிழைச்சிருக்கு. கும்பிடுகிற பாட்டிக்கு இருக்கும் பொறுப்பு டிகிரி படிக்கிற நமக்கு இல்லை. காமர்ஸ் பாஷையில், சொத்தைக் கணக்கிலேயே ஏற்றாமல் தேய விடுகிறோம்.

அடுத்த லீவில் தருமபுரி வாங்க. செல்ஃபி எடுங்க, தப்பில்லை. பேரைப் படிச்சுட்டு எடுங்க.