வயிற்றுக்கு ஆபரேஷன்... மனசுக்கு?

விடியற்காலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். தினமும் மூணு சுற்று நடந்தாலும், ராத்திரிச் சோற்றைக் குறைத்தாலும் இறங்காத எடை சிலருக்கு உண்டு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள். ஆண்களில் 37 பேர். இவர்களில் உடம்பு ரொம்பவே பெருத்துப்போன சிலர், 'இனி ஆபரேஷன்தான் வழி' என்று டாக்டரிடம் போகிறார்கள்.

ஆபரேஷனைக் குறை சொல்ல வரவில்லை. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ள பலருக்கு அது நல்ல பலன் தருகிறது. என் கவலை வேறு!

டாக்டர் அறையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். நடுவில் பேஷன்ட். பக்கத்தில் கணவர், பின்னால் அம்மாவோ மாமியாரோ. "எப்ப இருந்து எடை கூடிச்சும்மா?" என்று டாக்டர் கேட்டால், "சின்ன வயசிலயே வாயைக் கட்ட மாட்டா டாக்டர்" என்று பதில் பின்னாலிருந்து வரும். பேஷன்ட் தலையைக் குனிந்துகொள்வார். அந்தச் சின்ன வயசில் வேறு என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் சான்டியாகோ நகரில் எடைக் குறைப்பு மருத்துவமனை நடத்திய டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. 1980-களில் அவருக்கு ஒரு புதிர். நன்றாக இளைத்து வந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடினார்கள். 286 பேரிடம் உட்கார்ந்து பேசினார். சிறு வயதில் பாலியல் தொல்லைக்கு ஆளானதைப் பலர் சொன்னார்கள். பருத்த உடம்பு சிலருக்குக் கேடயமாக இருந்திருக்கிறது! இளைத்ததும் பழைய பயம் திரும்பிவிட்டது. டாக்டர் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து 1998-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுத் துன்பங்கள் கூடக் கூட, பெரியவர்களான பிறகு நோய்களும் கூடுவதைக் காட்டியது. 2005-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், ஆபரேஷனுக்கு வந்த 340 பேரில் 69 சதவிகிதம் பேர் அடி, வசவு, புறக்கணிப்பு, பாலியல் தொல்லை என ஏதாவது ஒன்றைக் குழந்தையாக இருந்தபோது அனுபவித்திருந்தார்கள்.

"அது அமெரிக்கா, நம்ம ஊர்ல அப்படியெல்லாம் இல்லீங்க" என்கிறீர்களா? மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். மூன்றில் இரண்டு குழந்தைகள் அடிபட்டவர்கள். பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள்.

பயத்திலேயே வளரும் குழந்தையின் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அடிக்கடி ஏறும். அது இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேட வைக்கும். சாப்பிட்டால் கொஞ்ச நேரம் மனசு ஆறும். அதுவே பழக்கமாகிவிடும். எடை கூடிய எல்லாருக்கும் இப்படி ஒரு கதை உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் இருப்பவருக்கு, ஆபரேஷன் அந்த ஒரே ஆறுதலையும் பறித்துவிடுகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆபரேஷன் செய்துகொண்ட 8,815 பேரைக் கவனித்த ஆய்வு 2016-ல் வெளியானது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் 111 பேர்தான். ஆனால் இப்படி வருவது, ஆபரேஷனுக்கு முன்பைவிடப் பின்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருந்தது.

"பழசைச் சொன்னா ஆபரேஷனே கிடையாதுன்னுடுவாங்களோ?" என்ற பயம் வேண்டாம். அப்படிப்பட்ட கஷ்டம் பட்டவர்களுக்கும், ஆபரேஷன் முடிந்து ஓராண்டில் மற்றவர்களைப் போலவே எடை குறைந்ததாக 2006-ல் ஓர் ஆய்வு சொன்னது. தடை போடுவதற்காக இல்லை, துணை நிற்பதற்காகத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, கூடப் போகிற சொந்தங்களே... டாக்டரிடம் அரை மணி நேரம் அவரைத் தனியே விடுங்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதை ஆபரேஷனுக்கு வாங்கும் சர்டிஃபிகேட்டாக நினைக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் அந்தத் தொடர்பு இருக்கட்டும். அவர் உங்களிடமே மனம் திறந்தால், "ஏன் அப்பவே சொல்லலை?" என்று கேட்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளைக் 'குண்டு' என்று கூப்பிடுவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

மதுரையில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. போனிலேயே பேச, 'டெலி மானஸ்' 14416. குழந்தைகளுக்கு 1098.

"நாங்க இல்லாம அவளுக்குப் பேசத் தெரியாது டாக்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பேசத் தெரியும். கேட்க ஆள்தான் வேண்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் கொஞ்சம் காத்திருங்கள். அதுவும் அவருக்கு நீங்கள் செய்கிற வைத்தியம்தான்!